படகில் செயற்கைக்கோள் வழிகாட்டி: பொருத்தும் முறையும் பயன்படுத்தும் முறையும்

நம் நாட்டின் கடற்கரை 9 மாநிலங்களையும் 4 யூனியன் பிரதேசங்களையும் தொட்டுச் செல்கிறது. இக்கரைகளிலிருந்து நாள்தோறும் கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி இன்று சாதாரணப் பொருளாகிவிட்டது. கரை மறைந்தபின் விண்மீனையும் நீரோட்டத்தையும் கடல் ஆழத்தையும் கொண்டு இடத்தை உணர்ந்த தலைமுறையினரின் அறிவுக்குத் துணையாக, சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும் கருவி கிடைத்திருப்பது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் கருவியை வாங்குவது ஒன்று. அது சொல்வதை நம்பத்தக்கதாக ஆக்குவது மற்றொன்று. தவறாகப் பொருத்தப்பட்ட கருவி பழுதடைந்ததாகத் தோன்றுவதில்லை. அது எண்களைத் தொடர்ந்து காட்டிக் கொண்டே இருக்கும். அவ்வெண்கள் தவறானவை என்பது, வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். இந்த ஒப்பிடும் பழக்கத்தை மையமாகக் கொண்டு, கருவியைப் பொருத்துவதையும் பயன்படுத்துவதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கருவி இயங்கும் விதம்

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது இன்ன நேரம்' என்ற செய்தியை அவை இடையறாது ஒலிபரப்புகின்றன. செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு செயற்கைக்கோளின் தொலைவைக் கருவி கணக்கிடுகிறது. வானொலி அலை ஒரு வினாடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நேரக் கணக்கில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வரும். கருவியிலுள்ள சிறு கடிகாரம் அவ்வளவு துல்லியமானதன்று. எனவே அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு நேரப் பிழை என்ற நான்காவதையும் கண்டறிய வேண்டியிருக்கிறது. இதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலைகள் தேவை.

ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நீக்கியது. அதன் பின்னரே பொது மக்களுக்கு இன்றைய துல்லியம் கிடைத்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் நமக்கென அமைத்த நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. ஜி.பி.எஸ். தரும் இடக்கணக்கைத் திருத்தும் ககன் அமைப்பை அந்நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கின. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளின் அலைகளை ஏற்கும் கருவி, எத்திசையிலும் போதிய செயற்கைக்கோள்களைக் காணும் வாய்ப்பு அதிகம்.

ஒரு கப்பல் தரும் பாடம்

1995 ஜூன் 9 அன்று ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாத் தீவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. அதில் 1,509 பேர் இருந்தனர். புறப்பட்ட சிறிது நேரத்தில் வழிகாட்டிக் கருவியின் ஆன்டெனாக் கம்பி ஆன்டெனாவிலிருந்து கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. செயற்கைக்கோள் அலை கிடைக்காததால், கப்பலின் திசையையும் வேகத்தையும் மட்டும் கொண்டு உத்தேசமாக இடத்தைக் கணக்கிடும் முறைக்குத் தானாக மாறிக்கொண்டது. இம்மாற்றத்தைத் திரையில் சிறு எழுத்துகள் மட்டுமே காட்டின. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளியது அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஏறக்குறைய 34 மணி நேரம் எவரும் இதைக் கவனிக்கவில்லை. வேறொரு வானொலி வழிகாட்டிக் கருவி கப்பலில் இருந்தும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஜூன் 10 இரவு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் கப்பல் தரைதட்டியது. தாங்கள் இருப்பதாக அதிகாரிகள் எண்ணிய இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் சுமார் 17 மைல் வேறுபாடு இருந்தது. நல்வேளையாக உயிரிழப்பு இல்லை. பொருத்துதலில் ஒரு பிழை, பயன்படுத்துதலில் ஒரு பிழை. இரண்டும் சேர்ந்தபோது விபத்து நேர்ந்தது. தேர்ச்சி பெற்ற அதிகாரிகள் நிறைந்த பெருங்கப்பலுக்கே இது நேர்ந்தது எனில், சிறு படகில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆன்டெனாவுக்கு உரிய இடம்

செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை மிக மெல்லியது. இரும்புத் தகடு அதை அறவே தடுத்துவிடும். எனவே வானம் நாற்புறமும் தடையின்றித் தெரியும் இடத்தில் ஆன்டெனாவைப் பொருத்த வேண்டும். சுக்கான் அறையின் கூரைமீது சிறு கம்பம் நட்டு அதில் பொருத்துவது பெரும்பாலான படகுகளுக்கு ஏற்றது. வலை இழுக்கும் இரும்புச் சட்டத்தின் அடியிலோ, வலையையும் கயிற்றையும் குவித்து வைக்கும் இடத்திலோ பொருத்தலாகாது.

உயரம் கூடுதலாக இருந்தால் நல்லது எனப் பலர் எண்ணி, கம்பத்தின் உச்சியில் பொருத்துகின்றனர். இது தவறு. 6 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டெனா, படகு 20 டிகிரி சாயும்போது பக்கத்திற்கு 2 மீட்டர் ஆடும். அந்த ஆட்டத்தையும் படகின் நகர்வாகவே கருவி எடுத்துக்கொள்வதால், காட்டும் வேகமும் திசையும் நிலையற்றுப் போகும். ராடார் இருந்தால் அதன் கதிர் பாயும் மட்டத்திற்கு வெளியே ஆன்டெனா இருக்க வேண்டும். வி.எச்.எப். வானொலியின் ஆன்டெனாவிலிருந்து குறைந்தது 1 மீட்டராவது விலகியிருப்பது நலம்.

மின்சாரமும் கம்பிகளும்

கடலில் பழுதாகும் கருவிகளில் பெரும்பாலானவற்றின் குறை கருவிக்குள் இருப்பதில்லை, இணைப்புகளில்தான் இருக்கும். உப்புநீர் செம்புக் கம்பியை விரைவில் அரித்துவிடும். ஆகவே ஈயம் பூசிய கம்பியைப் பயன்படுத்துவதும், கூரைமேல் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் நீர் புகா நாடாவால் இறுகச் சுற்றுவதும் இன்றியமையாதவை. அறைக்குள் நுழையுமுன் கம்பியைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்தால், கம்பி வழியே வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. ஆன்டெனாக் கம்பியைக் கூர்மையாக மடிக்கவோ, மிஞ்சியது என்று வெட்டி ஒட்டவோ கூடாது.

பாட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும், கருவி எதை ஏற்கும் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். கருவிக்குத் தனி இணைப்பும், பாட்டரிக்கு அருகில் கையேட்டில் குறித்த அளவுள்ள பியூஸும் வேண்டும். எஞ்சினைக் கிளப்பும்போது பாட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். அப்போது கருவி அணைந்து மீண்டும் உயிர்பெறலாம். எஞ்சினுக்கும் கருவிகளுக்கும் தனித்தனிப் பாட்டரி இருப்பின் இத்தொல்லை இல்லை. கருவியின் திரையைக் காந்தத் திசைகாட்டிக்கு மிக அருகில் வைத்தால் திசைகாட்டியின் முள் பிறழும். கையேடு கூறும் குறைந்தபட்ச இடைவெளியை விட்டே திரையைப் பொருத்த வேண்டும்.

துறையிலேயே முதற் சோதனை

புதிய கருவி முதன்முதலில் தன் இடத்தைக் காணச் சில நிமிடங்கள் முதல் கால்மணி நேரம் வரை ஆகலாம். அதனை அவசரப்படுத்தலாகாது. இடம் தெரிந்தபின், படகு கட்டப்பட்டுள்ள துறையின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கடல் வரைபடத்தில் பார்த்து, கருவி காட்டுவதோடு ஒப்பிட வேண்டும். கருவியில் அமைந்துள்ள புவி அளவீட்டு அடிப்படையும் வரைபடத்தின் அடிப்படையும் ஒன்றாக இருத்தல் அவசியம். இன்று பெரும்பாலும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அடிப்படையே வழக்கில் உள்ளது. பழைய வரைபடம் வேறு அடிப்படையில் அமைந்திருந்தால், கருவியில் பழுதொன்றும் இல்லாமலே நூறு மீட்டருக்கும் மேல் விலகல் தோன்றக்கூடும். குறுகிய முகத்துவாரத்தில் அந்த விலகல் பாறைக்கும் நீர்வழிக்கும் உள்ள வேறுபாடாகும்.

அடுத்து, ஆன்டெனாக் கம்பியை வேண்டுமென்றே ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். கருவியை அணைத்துக் கம்பியைக் கழற்றி, மீண்டும் இயக்கினால் போதும். அப்போது திரை என்ன காட்டுகிறது, மணி ஒலிக்கிறதா, கடைசியாகக் கண்ட இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதைப் படகிலுள்ள அனைவரும் கண்டு கொள்ளட்டும். ராயல் மெஜஸ்டியில் தெரியாமற்போன அடையாளம் இதுவே.

எண்களில் நேரும் பிழை

ஓரிடத்தை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியும் அதன் தசமமும், டிகிரியும் நிமிடமும் நிமிடத்தின் தசமமும், டிகிரி, நிமிடம், வினாடி. இங்கு நிமிடம் என்பது கோண அளவு. ஒரு டிகிரியில் 60 பங்கு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.

ஓரிடத்தின் அட்சரேகை 10 டிகிரி 30 நிமிடம் எனக் கொள்வோம். தசம டிகிரியில் அது 10.50 ஆகும். தசம டிகிரிக்கு அமைக்கப்பட்ட கருவியில் ஒருவர் 10.30 எனப் பதிந்தால், கருவி அதை 10 டிகிரி 18 நிமிடம் என்றே கொள்ளும். 12 நிமிடப் பிழை; 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர். உதவி கேட்டுக் கரைக்கு இவ்வெண்ணைச் சொன்னால், மீட்புக் கப்பல் 22 கிலோமீட்டர் தள்ளித் தேடும். எனவே ஒரு துறையைச் சேர்ந்த படகுகள் அனைத்தும் ஒரே முறையைக் கையாள்வதும், இடத்தைச் சொல்லும்போது டிகிரி, நிமிடம் என்ற சொற்களையும் சேர்த்தே சொல்வதும் நல்ல வழக்கங்களாகும்.

கடலில் பயன்படுத்தும் முறை

சேர வேண்டிய இடத்தைப் பதிந்ததும் கருவி நேர்கோட்டு வழியைக் காட்டும். அக்கோடு மணல் திட்டின் மீதோ நிலத்தின் மீதோ செல்லலாம்; சாதாரணக் கருவி அதைப் பார்ப்பதில்லை. ஆகையால் வழியை வரைபடத்தில் முதலில் வரைந்து, திரும்ப வேண்டிய இடங்களைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். துறையைவிட்டுச் செல்லும்போது பாதுகாப்பான வழியைப் பதிந்து வைத்தால், இருளில் திரும்பும்போது அது உதவும்.

படகின் முகப்பு நோக்கும் திசையும், படகு உண்மையில் செல்லும் திசையும் ஒன்றல்ல. முதலாவதைத் திசைகாட்டி சொல்லும். இரண்டாவதைச் செயற்கைக்கோள் கருவி சொல்லும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து காற்றும் நீரோட்டமும் படகை எப்பக்கம் தள்ளுகின்றன என்று அறியலாம். நாட்டின் கடல் எல்லைக்கு அருகில் தொழில் செய்வோருக்கு இது மிக முக்கியம். வலை விரித்துக் காத்திருக்கும் படகு, எஞ்சின் ஓடாமலே எல்லையைக் கடந்துவிடலாம். எல்லைக் கோட்டிலேயே அன்றி, அதற்குப் பல மைல் முன்னரே மணி ஒலிக்குமாறு கருவியை அமைப்பது அறிவுடைமை.

மணிக்கு ஒருமுறை இடம், திசை, ஆழம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். கருவி காட்டும் இடத்தில் வரைபடம் 40 மீட்டர் ஆழம் சொல்ல, ஆழமானி 15 மீட்டர் காட்டினால், இரண்டில் ஒன்று தவறு. காரணம் தெரியும் வரை படகை மெதுவாகச் செலுத்த வேண்டும். கருவி முற்றிலும் நின்றுபோனாலும், குறிப்பேட்டின் கடைசி வரியிலிருந்து திசைகாட்டியைக் கொண்டு கரை திரும்ப முடியும்.

இடம் அறிதலும் இடம் அறிவித்தலும்

வழிகாட்டிக் கருவி அலைகளை ஏற்பது மட்டுமே செய்யும். படகின் இடத்தைக் கரைக்குச் சொல்லாது. இவ்வேறுபாட்டின் கடுமையை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் உணர்த்தியது. புயல் உருவாகுமுன் ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கையைச் சேர்ப்பிக்க வழியில்லாமற்போயிற்று. தாங்கள் இருக்கும் இடத்தைக் கருவி மூலம் அறிந்திருந்தாலும், புயல் இருக்கும் இடத்தை அவர்கள் அறிய முடியவில்லை.

இக்குறையை நீக்க, ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கைகளையும் மீன்வளப் பகுதிக் குறிப்புகளையும் படகுக்கு அனுப்பும் ஜெமினி என்ற கருவி 2019 அக்டோபரில் அறிமுகமாயிற்று. இது ஒருவழிச் செய்தி. பின்னர் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்தித் தொடர்புக் கருவிகளை 364 கோடி ரூபாய்ச் செலவில் பொருத்தும் திட்டம் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் ஏற்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. இக்கருவி மூலம் படகு தன் இடத்தையும் ஆபத்துச் செய்தியையும் கரைக்கு அனுப்ப இயலும்.

முடிவுரை

இத்தகைய திட்டங்களின் பயனை, வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை மட்டும் அளந்துவிடாது. படகைப் பார்வையிடும் அதிகாரி கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஆன்டெனா எங்கிருக்கிறது, இணைப்புகள் நீர் புகாமல் உள்ளனவா, துறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்களா, அலை நின்றால் திரை எவ்வாறிருக்கும் என்பதைப் படகோட்டி அறிவாரா என்ற நான்கையும் கேட்க வேண்டும். பயிற்சி முகாம்கள் அறையில் மட்டும் நடவாமல், துறையில் கட்டிய படகிலேயே நடைபெறுதல் நலம். திசைகாட்டியும் ஆழமானியும் குறிப்பேடும் காலங்கடந்த பொருள்கள் அல்ல. செயற்கைக்கோள் சொல்வது மெய்தானா என்று கடலில் சரிபார்த்துத் தருபவை அவையே.