சந்தன எண்ணெயும் வாசனை லோஷனும்

சந்தனத்தின் பெயரைத் தாங்கிய லோஷன்கள் கிராமத்துக் கடைகளிலும் சந்தைகளிலும் ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றைக் காணும் கூட்டுறவுச் சங்கங்களில், முக்கியமாக மாதர் அங்கத்தினராயுள்ள சங்கங்களில், இத்தகைய லோஷனைத் தாங்களே தயாரித்து விற்றால் என்ன என்ற யோசனை எழுவது இயல்பே. யோசனை குற்றமுடையதன்று. ஆயினும் பங்குத் தொகையிலிருந்து ஒரு ரூபாயேனும் செலவிடுவதற்கு முன், அந்த மணம் மரத்தில் எங்கேயிருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, என்ன விலைக்குப் புட்டிக்குள் வந்து சேருகிறது என்பவற்றை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சந்தன மரத்தின் வெளிப்பாகமாகிய வெண்மரத்தில் மணமில்லை. நடுவிலுள்ள வைரத்திலும் வேரிலுமே எண்ணெய் ஊறியிருக்கிறது. நட்ட மரம் வைரம் பற்றுவதற்கே சுமார் பத்தாண்டுகள் செல்லும். நிறைந்த எண்ணெய் காண்பதற்கு முப்பதாண்டுகள் வேண்டும். முதிர்ந்த வைரம் 100 கிலோவில் 4 முதல் 6 கிலோ வரை எண்ணெய் கிடைக்கலாம். இளமரத்திலோ 2 கிலோவும் தேறுவது அரிது. மேலும் இம்மரம் தனித்து வாழ்வதன்று. அயலிலுள்ள செடிகளின் வேர்களைத் தன் வேரால் பற்றி அவற்றினின்றும் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் கன்றினருகே முதலில் துவரையும் பின்னர் சவுக்கு முதலிய மரங்களும் துணையாக வளர்க்கப்படுகின்றன. இலை சிறுத்துக் கொத்தாகி மரம் மடியும் ‘ஸ்பைக்’ நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடகு நாட்டில் கண்டறியப்பட்டது. அதனைத் தீர்க்கத்தக்க மருந்து கிடைத்திலது. இத்தனை தடைகளையும் கடந்து நின்ற மரமே எண்ணெய் தருவதாகும்.

எண்ணெய் எடுக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டுவது. வைரத்தைத் தூளாக்கிப் பாத்திரத்திலிட்டு அதனூடே நீராவியைச் செலுத்துவர். ஆவியுடன் வெளிவரும் எண்ணெய், குளிர்ந்தபின் நீரின்மேல் மிதக்கும். மல்லிகையைப்போல் விரைவில் மணத்தை விட்டுவிடும் பொருளன்று சந்தனம். வாலையில் இரண்டு மூன்று நாள்வரை ஆவி செலுத்துவதுண்டு. 1914-இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டு மரத்தின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, மைசூர் ஸர்க்கார் தாமே எண்ணெய் வடிக்கத் துணிந்து 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் ஆலைகளை நிறுவினர். அதுவரை கட்டையாகக் கப்பலேறிய சரக்கு அதன்பின் எண்ணெயாகவும் சோப்பாகவும் விலைபோயிற்று.

இந்த எண்ணெயில் பெரும்பகுதி ‘சாண்டலால்’ என்னும் பொருளாகும். சுத்தமான எண்ணெயில் 100-க்கு 90 பங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அது மெல்ல ஆவியாவது. ஆகவே மேனியில் பூசிய மணம் பல மணிநேரம் நிற்பதோடு, உடன்கலந்த பிற வாசனைகளையும் ஓடிப்போகாமல் பிடித்துவைக்கிறது. வடநாட்டுக் கன்னோஜ் நகரத்தார் ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்துவந்தது இக்காரணம் பற்றியே. புட்டியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைப்பதே உயர்ந்த சந்தனம் என்று வாங்குவோர் எண்ணுவது தவறு. நல்ல எண்ணெயின் மணம் முதலில் அடக்கமாகவே தோன்றும்.

இனி, கணக்கைப் பார்க்கலாம். 100 கிராம் லோஷனில் அரை கிராம் எண்ணெய் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுக. விலை ஆண்டுக்காண்டு மாறுமாயினும், கணக்கின் பொருட்டுக் கிலோ 2,00,000 ரூபாய் எனக் கொண்டால், அரை கிராமின் விலை 100 ரூபாய். புட்டி, மூடி, கூலி, கடைக்காரர் கழிவு யாவும் இதற்குமேல். அப்படியிருக்க, அதே அளவுள்ள புட்டி 60 ரூபாய்க்கு விற்கப்படுமாயின் அதனுள் சந்தனம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். பெரும்பாலும் கர்ப்பூரத் தைலத்தின் இனமான பொருள்களிலிருந்து இரசாயன முறையில் செய்த செயற்கை வாசனையே அதில் இருக்கும். அவ்வாசனை விஷமன்று, சந்தனமென்று சொல்லி விற்பதே பொய். குறைந்த விலைக்கு விற்க விரும்பும் சங்கத்தார், சந்தனத்தைப் பத்திலொரு பங்காகக் குறைத்து, கடலூர்ப் பக்கத்து மணலில் விளையும் வெட்டிவேரின் எண்ணெயை அதனுடன் சேர்த்து, இரண்டின் பெயரையும் சீட்டில் அச்சிடுவது நேர்மையான வழியாகும்.

லோஷன் என்பது நீரையும் எண்ணெயையும் பிரியாமல் இணைத்த கலவையே. மெழுகுப் பொருளும் எண்ணெயும் ஒரு பாத்திரத்திலும், நீரும் கிளிசரினும் மற்றொன்றிலும் சுமார் 70 டிகிரிவரை சூடேற்றி, இணைக்கும் பொருளுடன் ஒன்றாக்கிக் கிளற வேண்டும். சூடு 40 டிகிரியளவுக்கு இறங்கிய பின்னரே சந்தன எண்ணெயைச் சேர்த்தல் நலம். பன்னீரில் சந்தனத் தூளைக் கலக்கிப் புட்டியிலடைத்தால் லோஷனாகிவிடாது. எண்ணெய் நீரில் கரையாது. தூள் அடியில் தங்கும். காப்புப் பொருளில்லாத நீர் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

எண்ணெய் வாங்குகையில் ஒரு சிறு பரீட்சை உதவும். 100-க்கு 70 பங்கு சாராயமுள்ள திராவகம் ஐந்து பங்கில் ஒரு பங்கு சந்தன எண்ணெய் தெளிவாகக் கரையும். தேங்காயெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ கலந்திருந்தால் கலங்கிப்போகும். செயற்கை வாசனைக் கலப்பை இது காட்டிக்கொடாது. அதற்குப் பரிசோதனைச் சாலையை நாட வேண்டும். கன்னோஜில் 1991-இல் ஏற்பட்ட வாசனைப் பொருள் அபிவிருத்தி நிலையம் போன்றவை இதற்கென உள்ளன.

சந்தனம் மேனியைச் சிவப்பாக்கும் என்று விளம்பரம் செய்வது கூடாது. தோலின் நிறத்தை அது மாற்றுவதில்லை. அரைத்த சந்தனம் குளிர்ச்சி தருவது பெரும்பாலும் அதிலுள்ள நீர் உலர்வதனாலாகும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகலாம். ஆதலின் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்தபின் உபயோகிக்கும்படி சீட்டிலேயே குறித்தல் வேண்டும்.

விற்பனைக்காக லோஷன் செய்வதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். லைசென்ஸ் இன்றித் தொடங்கலாகாது. பட்டா நிலத்தில் தாமே வளர்த்த மரமாயினும், தமிழ்நாட்டில் வன இலாகாவின் அனுமதியில்லாமல் அதை வெட்டவோ கொண்டுசெல்லவோ முடியாது. ஆகவே அங்கத்தினர் ஒருவரின் தோட்டத்து மரத்தை நம்பித் திட்டம் வகுக்காமல், ரசீதும் பரிசோதனைச் சீட்டும் கொடுக்கும் வியாபாரியிடம் எண்ணெயாகவே வாங்குவது மேல். இரவில் கட்டையைக் கொணர்ந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்பவனிடம் வாங்கினால், சரக்கு பறிமுதலாவதோடு, வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தலைவரும் காரியதரிசியுமே.