குறி பொய் சொல்லுமா? – டீசல் காரின் டைமிங்

போன மாதம் எங்க அப்பாவோட பழைய டீசல் டாக்ஸி மக்கர் பண்ணியது. விடியற்காலை ஒரு பாட்டியை ஆம்பூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். செல்ஃப் போட்டால் ரொம்ப நேரம் சுற்றித்தான் பிடித்தது. ஒரே வெள்ளைப் புகை. மேட்டில் இழுக்கவே இல்லை. பாட்டி பஸ்ஸில் போனார்.

ஒரு பட்டறையில், "டீசல் பம்பு போச்சு, 30,000 ஆகும்" என்றார்கள். அம்மா ஷூ கம்பெனியில் மூணு மாசம் தைத்தால்தான் அவ்வளவு வரும். கம்மலை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. 1897-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய என்ஜினிலிருந்து இன்றுவரை இதுதான் வழி: காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் சூடு 500 டிகிரிக்கு மேல் போகும், அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே பீச்சுகிற நேரம்தான் உயிர். முந்தினால் டக டக என்று இடிக்கும். பிந்தினால் டீசல் சரியாக எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகும், இழுவை இருக்காது.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு வால்வு விநாடிக்கு 25 தடவை திறக்கிறது! (கணக்குப் போட்டுப் பாருங்கள்.) இரண்டையும் பல் வைத்த பெல்ட்டோ செயினோ இணைக்கும். 1998-ல் வந்த இண்டிகா டீசலில் பெல்ட், ஸ்விஃப்ட் டீசலில் செயின். நம்ம ஊர் டேனரியில் டிரம் சுற்றுகிற பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் தோலுக்கு ஒண்ணும் ஆகாது. இங்கே ரெண்டு பல் தாண்டினாலே பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடலாம். அதனால் சந்தேகம் வந்தால் செல்ஃப் அடிக்கவோ, தள்ளி ஸ்டார்ட் பண்ணவோ கூடாது. நாங்கள் தெருவே சேர்ந்து தள்ளினோம்! அப்புறம் பார்த்த மெக்கானிக் பாய் அப்பாவைத் திட்டினார். "தள்ளாதீங்கண்ணா, வால்வு பூடும்."

பாய் முதலில் கழித்துக்கொண்டே வந்தார். சூடான பிறகும் புகை நிற்கவில்லை, அதனால் ஹீட்டர் பிளக் இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, அதனால் ஹெட் கேஸ்கெட் இல்லை. பிறகு மூடியைக் கழற்றினார். பெல்ட்டில் வெடிப்பு இல்லை, பல் உதிரவில்லை, ஆயில் படவில்லை. டென்ஷனர் பேரிங்கைக் கையால் சுற்றினால் சத்தமில்லை. கிராங்க், கேம், பம்பு மூன்று சக்கரத்திலும் குறிகள் நேராக நின்றன. முதல் பட்டறையும் இதைப் பார்த்துத்தான் டைமிங் சரி, பம்புதான் குற்றவாளி என்று முடிவு கட்டியிருக்கிறது.

பாய் அதோடு விடவில்லை. என்ஜினின் பின்பக்கம் ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃப்ளைவீல் குறியைப் பார்க்கச் சொன்னார். அது நேராக இல்லை, கொஞ்சம் தாண்டி நின்றது! எனக்குப் புரியவில்லை. "பாப்பா, ஃப்ளைவீலு ஷாஃப்ட்டோட முடுக்கியிருக்குது, அது பொய் சொல்லாது. முன்னாடி பல்சக்கரத்தை ஒரு சின்ன கீதான் புடிச்சினு இருக்குது. அது தேஞ்சா சக்கரம் பின்தங்கும், அதோட மத்த ரெண்டும் பின்தங்கும். மூணும் ஒண்ணா தப்பா இருந்தா பாக்க சரியாத்தான் தெரியும்" என்றார்.

போல்ட்டைக் கழற்றினார். அது லூசாகவே இருந்தது. போன தடவை பெல்ட் மாற்றினவர்கள் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அரை நிலா மாதிரி இருக்கும் கீ ஒரு பக்கம் தேய்ந்து படி விழுந்திருந்தது. சக்கரத்தில் கீ உட்காரும் பள்ளமும் அகன்றுவிட்டது. நல்லவேளை, ஷாஃப்ட்டின் பள்ளம் தப்பித்தது. சக்கரம், கீ, புது போல்ட், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். பம்பைத் தொடவே இல்லை.

கம்மல் அம்மா காதில் இருக்கிறது. தேய்ந்த கீயை பாய் எனக்குக் கொடுத்துவிட்டார். அது என் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு வாருங்கள்.