மருந்து ஆய்வைக் கண்காணிப்பவர்கள் யார்?

புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேருமாறு நோயாளியிடம் கேட்கும்போது, ஒப்புதல் படிவத்தை அவரைவிட உடன் வந்திருப்பவரே அதிகக் கவனத்துடன் புரட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தம் தாயாருடன் வந்த ஒருவர் படிவம் முழுவதையும் படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டர், மருந்து கொடுப்பவரும் நீங்கள், பலன் இருக்கிறதா என்று பார்ப்பவரும் நீங்கள். தவறாகப் போய்க்கொண்டிருந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்?"

மிகச் சரியான கேள்வி. அதற்கான விடை படிவத்திலேயே ஒரு வரியாக இருந்தது: 'சுயேச்சையான தரவுக் கண்காணிப்புக் குழு ஒன்று இவ்வாய்வை மேற்பார்வையிடும்.' அந்த ஒரு வரியின் பொருள் என்ன என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

பெரிய மருந்து ஆய்வுகளில் பங்கேற்பாளர்கள் பொதுவாக இரு பிரிவுகளாகப் பிரிக்கப்படுவர். ஒரு பிரிவினருக்குப் புதிய மருந்து. மற்றவர்களுக்கு இப்போது வழக்கத்திலுள்ள சிகிச்சை அல்லது, அவ்வாறான சிகிச்சை ஏதும் இல்லாத நிலையில், மருந்தற்ற மாத்திரை. யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பது பல ஆய்வுகளில் நோயாளிக்கும் தெரியாது. மருத்துவராகிய எங்களுக்கும் தெரியாது. இது ஒளிவுமறைவு அன்று. நோயாளி நலமடைய வேண்டும் என்ற ஆசையே எங்கள் கணிப்பைச் சாய்த்துவிடக்கூடும் என்பதற்கான தடுப்பு. ஆயினும், எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டால் ஆபத்தை யார் பார்ப்பது? அதற்காகவே ஒரு சிலரின் கண்கள் மட்டும் திறந்து வைக்கப்படுகின்றன. அந்நோயில் அனுபவமுள்ள மருத்துவர்கள், புள்ளியியல் வல்லுநர் ஒருவர், சில ஆய்வுகளில் நெறிமுறை அறிஞர் அல்லது நோயாளிகளின் சார்பாளர் ஒருவர் என அமையும் சிறு குழு அது. அவர்கள் அந்த ஆய்வில் நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. மருந்தின் வெற்றியால் அவர்களுக்குப் பண ஆதாயம் இருக்கக் கூடாது. இவ்வாறான வெளி வல்லுநர் குழு தேவை என்ற கருத்து, அமெரிக்காவில் 1967-இல் பெர்னார்டு கிரீன்பெர்க் தலைமையில் அளிக்கப்பட்ட அறிக்கையால் வலுப்பெற்றது.

முன்னரே குறித்த காலங்களில் இக்குழு கூடி, இரு பிரிவுகளின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு பிரிவு சற்று முந்தினாலே ஆய்வை நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். பூவா தலையா போட்டுப் பாருங்கள். பத்து முறையில் ஏழு முறை தலை விழுவது அரிதன்று. அதனால் நாணயம் கோணலானது என்று ஆகிவிடுமா? ஆகவே எவ்வளவு வேறுபாடு தெரிந்தால் நிறுத்துவது என்ற எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்கிறார்கள். தொடக்கத்தில் அந்த எல்லை மிகக் கடுமையாக இருக்கும்.

அமெரிக்காவில் நடந்த 'கேரட்' என்னும் ஆய்வு இக்காவலின் தேவையை நன்கு காட்டும். கரோட்டின் மிகுந்த காய்கனிகளை உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல கணக்கெடுப்புகள் சுட்டியிருந்தன. எனவே அச்சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று அறிஞர்கள் நம்பினர். நான் அக்காலத்தில் பணியில் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். புகைபிடிப்போர், முன்பு புகைபிடித்தோர், கல்நார்த் தொழிலாளர் என 18,314 பேர் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும். மறு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரை. இதற்கிடையே, பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்னதாகவே, கேரட் ஆய்வில் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. அங்கும் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் இறப்பு 17 விழுக்காடும் அதிகம்.

(நூற்றுக்கு 28 பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று இதற்குப் பொருள் அன்று. சராசரியாக நான்கு ஆண்டுகளில் இரு பிரிவிலும் சேர்ந்து 388 பேருக்கே அந்நோய் கண்டது. மாத்திரைப் பிரிவில் அந்த வீதம் கூடுதலாக இருந்தது. செய்திகளில் விழுக்காட்டைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.) தனித்தனியாக நோயாளிகளைப் பார்த்த எந்த மருத்துவராலும் இதைக் கண்டுபிடித்திருக்க இயலாது. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தால் மாத்திரையின் மேல் யார் ஐயம் கொள்வார்?

நன்மை தெரிந்தும் நிறுத்துவதுண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் டமாக்ஸிஃபென் உண்டு முடித்த, மாதவிடாய் நின்ற 5,187 பெண்களிடம், கனடா ஆய்வாளர்கள் தலைமையில் லெட்ரோசோல் மருந்து ஆராயப்பட்டது. முதல் இடைக்காலப் பார்வையிலேயே, மருந்தற்ற பிரிவில் 132 பேருக்கும் லெட்ரோசோல் பிரிவில் 75 பேருக்கும் நோய் மீண்டோ புதிதாக மறு மார்பகத்திலோ தோன்றியிருந்தது. குழுவின் பரிந்துரைப்படி 2003-இல் முடிவு வெளியிடப்பட்டது. மருந்தற்ற மாத்திரை உண்டுவந்த பெண்களுக்கும் லெட்ரோசோல் தர முன்வந்தனர்.

இதற்கும் ஒரு விலை உண்டு. சராசரியாக இரண்டரை ஆண்டுகூட நிறையாத நிலையில் நிறுத்தியதால், மருந்தின் நீண்டகால விளைவுகளை, குறிப்பாக எலும்பு மெலிவை, முழுமையாக ஒப்பிடும் வாய்ப்புக் குறைந்தது என்ற விமரிசனம் அன்றே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. எனினும், ஆய்வில் இருந்த பெண்களிடம் உண்மையை மறைத்து மேலும் சில ஆண்டுகள் தொடர்வதை என்னால் ஏற்க இயலாது.

குழுவின் அளவையும் அறிந்திருத்தல் நலம். அது பரிந்துரைக்கும், இறுதி முடிவு ஆய்வை நடத்துவோருடையது. உறுப்பினர்களின் மதிப்பூதியத்தை ஆய்வை நடத்தும் நிறுவனமே தருவதும் வழக்கம். மேலும், சிறிய ஆய்வுகள் பலவற்றில் இத்தகைய குழு இராது.

ஆனால் நெறிமுறைக் குழு இல்லாமல் நம் நாட்டில் எந்த மருந்து ஆய்வும் நடக்க இயலாது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்து ஆய்வுகள் விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், ஒருவராவது மருத்துவம் சாராத பொதுமனிதர், ஒருவராவது பெண். கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அக்குழுவுக்கும் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் நேர்ந்த பாதிப்புக்கு இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் பெறுவது பங்கேற்பாளரின் உரிமை. எந்நேரமும் காரணம் கூறாமல் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

ஆய்வில் சேருமாறு உங்களைக் கேட்டால், இவ்வாய்வுக்குத் தரவுக் கண்காணிப்புக் குழு உண்டா, இதுவரை கூடி என்ன சொன்னது, புதிய தகவல் வந்தால் எங்களுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஆய்வின் பதிவு எண்ணைக் கொண்டு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் விவரங்களை எவரும் பார்க்கலாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, மறுநாளோ அடுத்த வாரமோ முடிவு சொல்லலாம். கையெழுத்திட்ட பின் ஒரு படியைக் கட்டாயம் கேட்டுப் பெறுங்கள். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண் அதில்தான் இருக்கும்.