பொடி வைத்து ஊதுதல்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசுத் தொழில் பழகச் சென்றிருக்கும் மருமகனுக்குத் தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது.

வெள்ளித் தொழிலில் புதிதாக அமர்பவர், ஒட்டு விட்டுப்போனால் முதலில் நெருப்பையும் அடுத்துப் பொடியையும் குறை கூறுவது வழக்கமாயினும், பெரும்பாலான ஒட்டுகள் ஊதுகுழலை எடுப்பதற்கு முன்பே, அரம் பிடித்த வேளையிலேயே கெட்டுப்போயிருக்கும். பொடி என்பது, நகையின் வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகுமாறு வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்து ஆக்கிய பற்று உலோகம். அரத்தால் அராவித் தூளாக வைப்பதால் அப்பெயர் பெற்றது. உருகிய பொடி இரு விளிம்புகளுக்கு இடையேயுள்ள மயிரிழை இடுக்கில் தானாகவே ஏறிப் பரவுமேயன்றி, அகன்ற இடைவெளியை நிரப்பிப் பாலம் கட்டாது. ஆதலால் இரு முனைகளையும் பொருத்திச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒளி ஊடுருவினால் மீண்டும் அராவுவதே முறை. இடைவெளியை மறைக்கப் பொடியை அள்ளி வைத்தால், அது பின்னர் மெருகிடும்போது மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மறைபொருள் வைத்துப் பேசுவதை உலகத்தார் பொடி வைத்துப் பேசுதல் என்பர். பட்டறையிலோ பொடி கண்ணுக்குத் தெரிந்தாலே வேலை பழுது.

ஒட்டவேண்டிய இடத்தில் தடவும் வெண்காரம், சூட்டில் காற்று பட்டு உலோகம் கறுக்காமல் காக்கும் உப்பு ஆகும். அதைக் கல்லில் நீர்விட்டு உரைத்துப் பால்போல் எடுத்துத் தடவியபின், எடுத்த எடுப்பில் கடுஞ்சுடரைக் காட்டினால், அதனுள் அடங்கிய நீர் ஆவியாகிப் பொங்கிப் பொடியைத் தள்ளிவிடும். மென்சுடரில் பொங்கி அடங்கவிட்ட பிறகே சூட்டை ஏற்றவேண்டும். பொங்கி அடங்கிய வெண்காரம் 740 பாகை செல்சியசை ஒட்டி உருகிக் கண்ணாடிபோல் தெளியும் என்பதால், வெப்பமானி இல்லாத பட்டறையில் அதுவே அளவுகோல். 92.5 விழுக்காடு வெள்ளியும் எஞ்சியது செம்புமான கலவை ஏறத்தாழ 800 பாகையில் உருகத் தொடங்கிவிட, பொடிகளோ அவற்றின் வகைக்கேற்பச் சுமார் 720 முதல் 780 வரையான சூட்டில் ஓடுகின்றன. வெண்காரம் தெளிந்தபின் கையில் எஞ்சும் அவகாசம் எவ்வளவு சிறிதென்பது இதிலிருந்து விளங்கும்.

உலோகங்களுள் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளி. எனவே ஒட்டின் மேல் மட்டும் சுடரைக் குவித்தால் சூடு பக்கங்களில் வழிந்துவிடும். நகை முழுவதையும், குறிப்பாகக் கனத்த பகுதியை முதலில், சீராகச் சுடவைத்து இறுதியில் ஒட்டை நெருங்கவேண்டும். பொடி சூடு மிகுந்த பக்கத்துக்கே ஓடும். மெல்லிய வளையத்தைக் கனத்த தகட்டில் ஒட்டும்போது வளையம் உருகித் தகடு தீண்டப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஒரே நகையில் பல ஒட்டுகள் வருமாயின், மிகு சூட்டில் ஓடும் பொடியை முதல் ஒட்டுக்கும், குறைந்த சூட்டில் ஓடுவதை இறுதி ஒட்டுக்கும் வைப்பதால், பின்னது ஓடும்போது முன்னது நெகிழாது. உள்ளீடற்ற குண்டுமணியை மூடி ஒட்டுவதற்கு முன் ஊசித்துளை ஒன்று இடுவதை மறக்கலாகாது. அடைபட்ட காற்று விரிந்து மணியை வெடிக்கச் செய்யும்.

வடிவமைப்பைப் பொறுத்தமட்டில், தட்டத் தட்டவும் அச்சில் இழுக்க இழுக்கவும் வெள்ளி இறுகும் என்பதையும், இறுகியதை நிழலான இடத்தில் மங்கிய சிவப்பு தெரியும்வரை சுட்டு ஆற்றினால் மீண்டும் இளகும் என்பதையும் அறிந்தால் போதும். எஞ்சியதைக் கை கற்றுக்கொள்ளும். சுட்ட நகையைக் கறை நீங்கப் புளி நீரிலோ நீர்த்த அமிலத்திலோ இடுகையில், அமிலத்தைத்தான் நீரில் ஊற்றவேண்டும். மேலும், இரும்புக் குறடு அதில் பட்டால் முன்பு கரைந்திருந்த செம்பு வெள்ளியின்மேல் படிந்து சிவக்கும்.

இறுதியாக ஒன்று. காட்மியம் கலந்த பொடி குறைந்த சூட்டில் வெண்ணெய்போல் ஓடுவதால் வேலையை எளிதாக்கும். நகைக் கடைகளில் கே.டி.எம். என்று வழங்கிய பெயரும் காட்மியத்தைக் குறித்ததே. ஆனால் 767 பாகையில் கொதிக்கும் அவ்வுலோகம் ஒட்டும் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கி, ஊதுகுழலோடு குனிந்திருப்பவரின் மூச்சில் நேராகச் சேர்ந்து நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். புற்றுநோய்க்கும் அது காரணமாகும். மூச்சில் ஏறிய அன்று உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமுமாகத் தலைகாட்டுவதால் பலர் அதைச் சளி என்றே எண்ணுவர். அப்பொடியைப் பட்டறை முதலாளியே கையில் கொடுத்தாலும் மருமகன் மறுத்துவிடுக. அதனால் கூலி குறையுமாயின் அதை உடனே ஊருக்கு எழுதுக.

இங்ஙனம்,
மாமா