நடையா, கொடிக்காலா, நாற்காலியா?

சோழவந்தான் பக்கம் அறுபத்தைந்தைத் தாண்டியவரிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால், "கொடிக்கால்ல குனிஞ்சு நிமிர்ந்த உடம்புக்கு அதெல்லாம் எதுக்குப்பா?" என்பார். பாதி நியாயம்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பில் தோட்ட வேலையும் சேர்த்திதான். வெற்றிலைக் கொடியை அகத்தியில் ஏற்றிக் கட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு சுலபமாக நிறைந்துவிடும். ஆனால் கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு முந்தைய உழைப்பு வட்டி தராது. தொடைத் தசை முதலில் கரையும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யுமுன் ஒரு சோதனை. கையில்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11க்குக் கீழே என்றால் விழும் அபாயம் அதிகம். அவர்களுக்கு நடையைவிட நாற்காலிதான் முதலில்: அதே எழுந்து உட்காருதல், அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், ஒற்றைக் காலில் நிற்றல். வாரம் 3 நாளாவது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தால், கழிப்பறைக்குக்கூடப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். பணமும் வேண்டாம், செருப்பும் வேண்டாம் என்பதாலோ என்னவோ, இந்த நாற்காலிப் பயிற்சியை யாரும் மதிப்பதில்லை.

எண்ணிக்கை தேறியவர் நடக்கலாம். சர்க்கரைக்காரர்கள் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலே பலன் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது வேகத்துக்கான அளவு, பாடகர் டி.ஆர்.மகாலிங்கம் பிறந்த தென்கரைப் பக்கம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. விடியுமுன் வாடிப்பட்டி ரோட்டோர இருட்டில் நடப்பதைவிட, வெளிச்சம் வந்தபின் கோயில் பிரகாரம் மேல். ஆனால் எண்ணெய் சிந்திய கல்தரை வழுக்கும்.

யோகா மூட்டு இறுக்கத்துக்கு நல்லது. கீழே உட்கார்ந்தால் எழ முடியாதவர் நாற்காலியிலேயே செய்யலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், அண்மையில் விழுந்தது என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெளியே வர முடியாதவருக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.