விடியற்கால லோக்கலும் ஒப்பந்தக்காரரின் உறக்கமும்

மும்பையில் கட்டடம், மின்சாரம், குழாய், வர்ணம் என்று சிறு ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்யும் தமிழர்கள் பலர் நம்மிடையே உண்டு. வேலை தாதரிலோ பாந்த்ராவிலோ இருக்கும். வீடு கல்யாண், பத்லாபூர், விரார் பக்கம் இருக்கும். சர்ச்கேட்டிலிருந்து விரார் 60 கி.மீ. தூரம். இவர்களிடம் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நாலரை, நாலே முக்கால் என்று சற்றுப் பெருமையாகவே பதில் வரும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு திட்டமாக வராது. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

எழும் நேரம் நம் கையில் இல்லை. நாக்காவில் எட்டு மணிக்குள் போய் நின்றால்தான் நல்ல கொத்தனாரும் சித்தாளும் கிடைப்பார்கள். மணல் லாரி வந்துவிட்டால் இறக்கிக்கொள்ள ஆள் வேண்டும். லோக்கலோ ஆறரைக்கு மேல் ஏற முடியாதபடி நிரம்பிவிடும். ஆகவே பத்லாபூர்க்காரர் 5-50 வண்டியைப் பிடிக்க 4-45க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு வேலையை நிறுத்தி, கூலி கொடுத்து, நாளைய சாமானுக்குச் சொல்லிவிட்டு எட்டரை வண்டி ஏறினால் வீடு சேரப் பத்து மணி. சாப்பாடு, குழந்தைகளோடு இரண்டு வார்த்தை, பிறகு செல்போனில் வீட்டுக்காரர்களின் புகார்களுக்குப் பதில். படுக்கும்போது பதினொன்றே முக்கால். உறக்கம் ஐந்து மணி நேரம்.

வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் பரிந்துரைத்தன. அப்படியானால் நாளொன்றுக்கு இரண்டு மணி கடன். திங்கள் முதல் சனி வரை பன்னிரண்டு மணி. "எனக்குப் பழகிவிட்டது சார்" என்பார்கள். இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து பதினான்கு நாட்கள் இரவில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கவிட்டுச் சிலரைச் சோதித்தார்கள். முடிவில் அவர்களுடைய கவனம், இரண்டு இரவுகள் வரை அடியோடு தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் தங்கள் திறமை அவ்வளவு குறைந்திருப்பதை அவர்கள் உணரவில்லை. பழகிப்போவது களைப்பு உணர்ச்சி மட்டுமே. கவனக்குறைவு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. 1997இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்திருப்பவரின் திறனுக்குச் சமம். நம் பத்லாபூர்க்காரர் இரவு 9-45க்கு ரயிலில் வரும்போது அந்த நிலையில்தான் இருக்கிறார். ஸ்டேஷனில் நிறுத்திய மோட்டார் சைக்கிளை எடுத்து ஓட்டுவது அதற்குப் பிறகு!

சைட்டில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். சைட்டிலேயே தங்கும் சித்தாள் ஆறரைக்கு எழுந்தால் போதும். மதியம் சாப்பிட்டதும் ஸ்லாபின் நிழலில் அரை மணி தூங்கி எழுவார். அந்த அரை மணியில் ஒப்பந்தக்காரர் ஹார்டுவேர் கடைக்கு ஓடியிருப்பார். ஆக, அங்குள்ளவர்களில் மிகவும் தூக்கம் கெட்டவர் யாரோ அவரே சென்டரிங் முட்டு சரியாக நிற்கிறதா, மெயின் அணைத்திருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்து 'சரி' சொல்பவர். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு வேலை நேர வரம்பு இருந்தது. 'தொடர் வேலை' என்ற வகையினருக்குச் சராசரி வாரம் 54 மணி. வாரத்தில் சேர்ந்தாற்போல் 30 மணி ஓய்வு. தானே முதலாளியான சிறு ஒப்பந்தக்காரருக்கு மணிக்கணக்கு எழுதுபவர் யாருமில்லை.

ஓய்வில்லாத சரிபார்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, லண்டனில் கிளேபம் ஜங்ஷன் அருகே 1988 டிசம்பர் 12 அன்று காலை நடந்த விபத்தே சான்று. வேலைக்குப் போகும் கூட்டத்தோடு வந்த ரயில் மீது பின்னால் வந்த ரயில் மோதி 35 பேர் இறந்தனர். சிக்னல் புதுப்பிக்கும் வேலையில் கழற்றிய ஒரு பழைய கம்பி சரியாக வெட்டி மூடப்படாமல் மீண்டும் தொட்டுக்கொண்டு, சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் சிவப்புக் காட்டவில்லை. வேலை செய்த டெக்னீஷியன் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. கம்பிகளை இன்னொருவர் தனியே எண்ணிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும், அதுவும் நடக்கவில்லை.

நான் பார்த்த ஒரு இரவு பிளாக்கையும் சொல்லலாம். கடைசி லோக்கல் போன பின், முதல் லோக்கலுக்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் தண்டவாள வேலை. முடிந்ததும் ஒப்பந்தக்காரர் கருவிகளை எண்ணி "பதினாலு, சரி" என்றார். நான் மறுபடி எண்ணச் சொன்னேன். பதிமூன்று. ஒரு கடப்பாரை தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்தது. அவர் முதல் நாள் காலை ஐந்து மணியிலிருந்து விழித்திருப்பவர். உடல் வெப்பமும் விழிப்பும் மிகவும் தாழும் நேரம் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து. எண்ணத் தெரியாதவர் அல்ல அவர், பாவம்.

இனி, என்ன செய்யலாம்? ரயில்வே டைம்டேபிள் போல, வேலையைப் பின்னாலிருந்து முன்னால் வரைய வேண்டும். 4-45க்கு எழ வேண்டும் என்றால் 9-45க்கு விளக்கணைய வேண்டும். அது எல்லோருக்கும் ஆகாது. 10-30 என்றாவது வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ப சைட்டை ஆறு மணிக்கு நிறுத்திப் பாருங்கள். கூலிக் கணக்கை மேஸ்திரியிடம் விடுவதில் தயக்கம் இருக்கும். வாரம் இரண்டு நாளாவது விடலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் கட்டிங் சாய் வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கிக் கடனை அடைக்கப் பார்ப்பவர்கள் அன்றிரவு தூக்கம் வராமல் புரளுவார்கள். உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. (அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஞாயிறு ஆறு மணிக்கு எழுந்து, மதியம் ஒரு மணி நேரம் படுப்பது மேல்.

ரயில் தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. உட்கார இடம் கிடைக்கும் என்று டோம்பிவிலியில் ஏறிக் கல்யாணுக்குப் பின்னோக்கிப் போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரயிலில் அரை மணி தூங்குவதற்காக வீட்டுத் தூக்கத்தில் அரை மணியை விடுகிறார்கள்! ஆடும் பெட்டியின் தூக்கம் கட்டில் தூக்கம் ஆகாது. இடம் கிடைத்தால் இருபது நிமிடம் கண் மூடுங்கள். அதற்கு மேல் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து எழுந்தால் சிறிது நேரத்திற்குக் கிறக்கமாக இருக்கும். அந்தக் கிறக்கத்தில் தாதரில் இறங்குவது நல்லதல்ல.

இரவு கான்கிரீட்டோ பிளாக் வேலையோ இருந்தால், அன்று மதியமே ஒன்றரை மணி நேரம் படுத்துவிட வேண்டும். கடைசி எண்ணிக்கையை, அந்த இரவு தூங்கி எழுந்து வந்த ஒருவரிடம் விடுங்கள். காலையில் வேலை முடிந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிள் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகலாம்.