கழுத்தில் முளைத்த விலா எலும்பு

காறை எலும்புக்கு மேலே கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. கையும் அடிக்கடி மரத்துப்போகிறது. கைப்பேசியில் தேடினால் ‘கழுத்து விலா எலும்பு’ என்று வந்து நிற்கிறது. இதைச் சுற்றி உலவும் பேச்சுகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

“விலா எலும்பு நெஞ்சில்தான் இருக்கும்.”

பெரும்பாலோருக்கு அப்படித்தான். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ, கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கூடுதல் விலா ஒன்று கிளம்பியிருக்கும். பெண்களிடம் சற்று அதிகம். இது பிறவி அமைப்பு. தலைச்சுமை தூக்கியதால் வளர்வதில்லை. பாவம், கைப்பேசிக்கும் இதில் பங்கில்லை.

“எக்ஸ்ரேயில் எலும்பு தெரிகிறது, கைவலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.”

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். இந்த எலும்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் வருவதில்லை. வேறெதற்கோ நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும், அவ்வளவுதான். எனவே எலும்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. கைவலிக்கு அதுதான் காரணமா என்று நிறுவுவது மீதிப் பாதி, அதுவே கடினமானது.

கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் பெரிய தமனியும் இந்த எலும்பை ஒட்டிச் செல்கின்றன. நரம்பு அழுந்தினால் பெரும்பாலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் முன்கையின் உட்புறமும் மரக்கும். கொடியில் துணி உலர்த்தும்போதும், தலை பின்னும்போதும், பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் கூடும். மாறாக, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, நடுராத்திரியில் எழுந்து கையை உதற வேண்டியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். கழுத்து டிஸ்க் பிதுங்கினாலும் கை மரக்கும். சர்க்கரை நோயிலும் மரக்கும். நுரையீரல் உச்சியில் வரும் கட்டிகூட இதே நரம்புகளை அழுத்தும் என்பதால், புகைபிடிப்பவருக்கு எலும்பைக் கண்டதோடு தேடலை நிறுத்தவே கூடாது. நரம்புக் கடத்தல் சோதனை, எம்.ஆர்.ஐ., டாப்ளர் எல்லாம் இவற்றைப் பிரித்தறியத்தான்.

“எக்ஸ்ரேயில் இல்லையென்றால் ஒன்றுமில்லை.”

அதுவும் சரியல்ல. சிலருக்கு எலும்பு குட்டையாக இருந்து, அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு நார்ப்பட்டை ஒன்று ஓடும். எக்ஸ்ரேயில் அது விழாது. நரம்பை நெருக்குவது அதுவாகவே இருக்கலாம்.

“நாடி பிடித்தே சொல்லிவிடலாம்.”

கழுத்தைத் திருப்பி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மணிக்கட்டு நாடி தளர்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஆட்சன் 1927இல் எழுதியது. இன்றும் செய்கிறார்கள். ஆனால் எந்தக் கோளாறும் இல்லாத பலருக்கும் நாடி தளரும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

“சுளுக்கு எடுத்தால் சரியாகும்.”

பிறவி எலும்பை எந்தக் கையாலும் நகர்த்த முடியாது. தமனி அழுந்தி, அதனுள் ரத்தக்கட்டி உருவாகியிருந்தால் அதன் துணுக்குகள் விரல்களுக்கு ஓடி அடைத்துக்கொள்ளும். இது அபூர்வம்தான், ஆனால் கை திடீரென வெளுத்து, சில்லிட்டு வலித்தால் அன்றே, நேரே மருத்துவமனைக்கு. கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலும் தள்ளிப்போடாதீர்கள்.

“ஆபரேஷன்தான் ஒரே வழி.”

தொந்தரவில்லாத எலும்பை யாரும் தொட வேண்டியதில்லை. நரம்பு நெருக்கத்துக்குப் பெரும்பாலும் முதலில் பிசியோதெரபிதான். எலும்பை வெட்டியெடுக்கும் சிகிச்சை 1861இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹோம்ஸ் கூட் செய்த காலத்திலிருந்தே இருக்கிறது. தமனி பழுதானவர்களுக்கும் சதை வற்றுபவர்களுக்கும் இன்று அது தேவைப்படும்.

“கெட்டியாக இருந்தால் எலும்புதான்.”

எலும்பு அசையாது, சில வாரங்களில் பெரிதாகவும் ஆகாது. காறை எலும்புக்கு மேலே நெறி கட்டினாலும் கெட்டியாகத்தான் இருக்கும். காசநோயில் கட்டலாம்; நுரையீரலிலோ வயிற்றிலோ உள்ள புற்றுநோய் இங்கே தலைகாட்டுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு இல்லாமல் கையில் மட்டும் தட்டுப்பட்டால், ஸ்கேன் எடுத்து, தேவையானால் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார்கள்.